தவக்காலத்தில் பால்சுறா

மார்ச் 3, செவ்வாய்

வெயில் இப்போதே சுள்ளென்று. மாடியில் வடகம் காய்கிறது. காக்கா விரட்ட ஆளில்லை. பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் ஜெனிக்குப் பால் போதவில்லை. பிள்ளை ஓயாமல் அழுகை.

பாம்பனில் என்றால் இந்நேரம் வாசலுக்கே பால்சுறா வந்திருக்கும். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் தீவில் முதல் மருந்து அதுதான்.

மார்ச் 4, புதன்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இவருடைய அக்கா ஒத்தாசைக்கு வந்திருக்கிறார். சுறா என்று வாயெடுத்தேன்.

"ஏட்டி சகாயம், தவக்காலத்துல மீனா? அம்மா இருந்த வரைக்கும் இந்த அடுப்புல ஏறுனதில்ல."

"பிள்ளைக்குப் பால் வேணும் மதினி."

"பூண்டு குடு. இல்லையா, பால்பவுடர் வாங்கு."

பூண்டு கொடுத்துப் பார்த்தாயிற்று. இவர் மில்லுக்கு நேரமாச்சு என்று நழுவிவிட்டார்.

கோபம். ஜெபமாலையில் மனம் நிற்கவில்லை. திருச்சபை விலக்கச் சொன்னது கறியை, மீனை அல்ல. மீனை விடுவது மாமியார் போட்ட நேர்ச்சை. இந்த மலையடிவாரத்தில் மீன் ஞாயிற்றுக்கிழமை ருசி. விடலாம். தீவில் மூன்று வேளையும் அதுதான்: சோற்றுக்குக் குழம்பு, கஞ்சிக்குக் கருவாடு, காய்ச்சலுக்கு நண்டு ரசம். அதை விட்டால் தட்டில் என்ன இருக்கும்? அப்பா தவக்காலத்தில் விட்டது வெற்றிலையை. அவர் ஜெபம் ஏறாமல் போனதா?

மார்ச் 5, வியாழன்

மீன்காரருக்குப் போன். தூத்துக்குடி லோடில் நாளை வருமாம். பெரியது வேண்டாம், சின்ன பால்சுறா என்று இரண்டு தடவை சொன்னேன்.

இந்த வீட்டு நேர்ச்சையை நானும் எடுத்திருக்கிறேன், விடமாட்டேன். நான் தொட மாட்டேன். ஜெனி சாப்பிடுவாள்.

வாங்க: சின்ன வெங்காயம், இஞ்சி, மெழுகுவர்த்தி.

மார்ச் 6, வெள்ளி

சுறா வந்தது. மஞ்சள் போட்டு அவித்து, சொரசொரத்த தோலை உரித்து, உதிர்த்து, வெங்காயம் பூண்டோடு புட்டாகப் புரட்டினேன். ஜன்னல் இரண்டும் திறந்தே. தெருவுக்கும் தெரியட்டும். வீட்டுச் செலவுக் கணக்கில் மருந்து என்று எழுதியிருக்கலாம். மீன் என்றே எழுதினேன்.

மதினி முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி அடுப்படி வாசலில்.

"உப்பு பாத்தியா?"

"எனக்கு நேர்ச்சை. நீங்க பாருங்களேன் மதினி."

"எனக்கு மட்டும் இல்லையாக்கும்?"

அப்படியே ஜெனிக்குப் போட்டுக் கொடுத்தேன். செத்த நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம்: "உப்பு கூடிப்போச்சும்மா. பரவால்ல, இன்னும் வைங்க."

மதினி தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார்.

நாளையும் சுறாதான். உப்பு குறைக்க வேண்டும்.