இரண்டாவது சரணத்தில் அவள் சிரிப்பாள்

2.8.94, செவ்வாய்

வெயில். ஆடிக் காற்று வேறு, கண்ணெல்லாம் மண். வழக்கமான வண்டியை விட்டுவிட்டேன். அடுத்ததில் பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் வரை நின்றே பயணம். கம்பெனியில் நாலு பெட்டி நட்டு செக் பண்ணியாச்சு.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், அம்மாவுக்கு மூட்டுத் தைலம், ஊக்கு.

சாயங்காலம் ஏழு மணிக்கு மறுபடியும் பாட்டு. கேபிள் பாபு தன் ரூமில் வி.சி.ஆரை வைத்துக்கொண்டு எங்கள் நாலு தெருவுக்கும் சொந்தமாக ஒரு சேனல் ஓட்டுகிறான். படம், பிறந்த நாள் வாழ்த்து, மளிகைக் கடை விளம்பரம். மூன்று மாதமாக, தினம் ஏழு மணிக்கு ஒரு பாட்டு. அதற்கு முன்னால் கையால் எழுதிய ஓர் அட்டை: ‘ரெ... அவர்களுக்காக. அன்புடன் பா.’ ரெ-வில் தொடங்கும் பெண் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். ரெஜினா.

பாட்டு எதுவானாலும் விஷயம் ஒன்றே. அவன் வழியை மறிப்பான். அவள் முறைப்பாள். முந்தானையைப் பிடித்து இழுப்பான். மழை வரும், கேமரா அவள் இடுப்பை விட்டு நகராது. அவள் கையை ஓங்குவாள். இரண்டாவது சரணத்தில் சிரிப்பாள். முடிவதற்குள் அவன் நெஞ்சில் சாய்ந்திருப்பாள்.

டி.வி.யை அணைத்தேன். பக்கத்து வீட்டுக் கோமதி அக்கா தன் டி.வி. சத்தத்தைக் கூட்டினாள், எனக்குக் கேட்கட்டும் என்று.

4.8, வியாழன்

ஸ்டேஷனிலிருந்து பின்னாலேயே வந்தான்.

“இன்னா ரெஜி, நேத்து பாட்டு பாத்தியா?”

“பாக்கல. என் பின்னால வராத. எனக்கு உன்ன புடிக்கல.”

தெளிவாகத்தான் சொன்னேன். திக்கவில்லை, குரல் நடுங்கவில்லை. அவன் பல் தெரியச் சிரித்தான். “கோவத்துல நீ இன்னும் ஷோக்கா கீற.” இது அவன் சொந்த வசனம்கூட இல்லை. நூறு படத்தில் வந்தது.

இதுவரை நான் செய்ததும் இவர்கள் புரிந்துகொண்டதும்:

பிடிக்கவில்லை என்றேன் - வெட்கம்.
பேசாமல் போனேன் - உள்ளுக்குள் ஆசை.
திட்டினேன் - உரிமை.
பின்பக்கத் தெருவைச் சுற்றிப் போனேன் - விளையாட்டுக் காட்டுகிறேன்.
அழுதேன் (ஒரே தடவை, கோமதி அக்கா முன்னால்) - “பாவம், மனசுல எவ்ளோ ஆசைய வச்சிகினு கீது பாரு இந்தப் பொண்ணு!”

5.8, வெள்ளி

தலைவலி. மோர் மட்டும்.

கம்பெனியில் வசந்தாவிடம் சொன்னேன். எனக்குப் பக்கத்து மேஜை, ஆறு வருஷப் பழக்கம், புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, “எனக்கெல்லாம் எவன்டி பாட்டு போடறான்? நீ குடுத்து வச்சவ” என்றாள். பொறாமை! இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது?

என் வேலைக்கு ஒரு கேஜ், நட்டின் துளை அளவு பார்க்கிற இரும்புக் கட்டை. ஒரு முனை ‘கோ’, மறுமுனை ‘நோ-கோ’. ‘கோ’ நட்டுக்குள் போக வேண்டும், ‘நோ-கோ’ போகக் கூடாது. இரண்டில் எது தப்பினாலும் அந்த நட்டு ரிஜெக்ட். சூப்பர்வைசரே வந்தாலும் “சும்மா சொல்லுது, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாரு” என்று சொன்னதில்லை. இரும்புக்கு இருக்கிற மரியாதை.

7.8, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது அம்மா முகம் மலர்ந்திருந்தது. கோமதி அக்கா மூலமாகச் சேதி.

“பாபு ஞானஸ்நானம் எடுத்துக்கிறேன்றானாம்டி. அவங்கம்மாவும் ஒத்துகினாங்களாம்.”

மதம்தான் தடை என்று இவர்களாகவே முடிவு செய்து, அதை இவர்களாகவே நீக்கியும் விட்டார்கள். படத்தில் அப்படித்தானே? அப்பா தடை, ஜாதி தடை, பணம் தடை. அவளுக்கு இஷ்டமில்லை என்பது மட்டும் எந்தப் படத்திலும் தடையே இல்லை.

நானும் யோக்கியம் இல்லை, எழுதித்தான் ஆக வேண்டும். பத்தாவது படிக்கும்போது தெருவுக்கு ஒரே டி.வி. வெள்ளிக்கிழமை பாட்டுக்கு அந்த வீட்டுக் கூடத்தில் முட்டி இடிக்க உட்காருவோம். திமிர் பிடித்தவளை அவன் அறைந்து அடக்கினால் கை தட்டியிருக்கிறேன். அவள் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். அப்போது நன்றாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

9.8, செவ்வாய்

அறைந்துவிட்டேன்.

சாயங்காலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி, நீளமான வண்டி. ஏகப்பட்ட கூட்டம். பாபு மொபெட்டை என்னை ஒட்டி நிறுத்தினான். பாட்டில் செய்கிற மாதிரியே என் முந்தானை நுனியை விரலில் சுற்றி இழுத்தான். தோளில் குத்தியிருந்த ஊக்கு தெறித்தது. விட்டேன் ஒன்று, முழுக் கையால். உள்ளங்கை இன்னும் எரிகிறது.

அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன், முட்டாள். பின்னாலிருந்து விசில்.

“அடி வுழுந்திச்சு மாமே! இனிமே பாட்டுதான்!”

கை தட்டினார்கள். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரித்தான். பூக்கூடை வைத்திருந்த ஓர் அம்மா என்னிடம், “பையன் நல்ல பையன்தாம்மா. ரொம்ப அலைய வுடாத” என்றாள். யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏழு மணி. அட்டையில் புதிதாக ஒரு வரி: ‘அடித்த கைக்கு நன்றி.’ கோமதி அக்கா வீட்டில் கூட்டமாகச் சிரித்தார்கள்.

13.8, சனி

மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. துணி காய்ந்தது.

கண்ணாடி முன்னால் நின்று, பிடிக்கவில்லை என்று சொல்லும் முகத்தைப் பழகிப் பார்த்தேன். புருவத்தை நெரித்தால் கதாநாயகி. உதட்டைக் கடித்தால் கதாநாயகி. அழுதால் இன்னும் மோசம், குளோசப். சும்மா இருந்தால் பாட்டு ஆரம்பிப்பதற்கு முந்தின நிமிஷம். எல்லா முகத்தையும் இவர்கள் ஏற்கெனவே பார்த்து, அதற்கு அர்த்தமும் வைத்துவிட்டார்கள். எனக்கென்று ஒரு முகம் மிச்சமில்லை.

20.8, சனி

ஆடி போனது. நாளைக்கு அவன் அம்மா பூ வைக்க வருகிறாள். அம்மா எனக்கு இன்று காலையில்தான் சொல்கிறாள்.

“எனக்கு அவன புடிக்கலம்மா.”

“புடிக்காதவன எதுக்குடி தொட்டு அடிச்ச? அத்தினி பேரு முன்னால?”

கத்தினேன். தட்டைத் தூக்கி எறிந்தேன். அம்மா குனிந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினாள், முட்டி வலியோடு. பிறகு, நிமிராமலே, “எங்க காலத்துல புடிச்சிருக்கான்னு யாருடி கேட்டாங்க? உன் பின்னால ஒருத்தன் சுத்தறான். அது எவ்ளோ பெருசு தெரியுமா?” என்றாள்.

அம்மாவுக்கு இதெல்லாம் நிஜமாகவே பெரிசு. அதுதான் தாங்கவில்லை.

21.8, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. புழுக்கம்.

நாலு மணிக்கு அவன் அம்மாவும் இரண்டு பெண்களும் வந்தார்கள். தாம்பாளத்தில் மல்லிகை, வாழைப்பழம், வெற்றிலை. அவன் வரவில்லை, கேபிளில் புதுப்படம் ஓட்டுகிறான். தெருவே டி.வி. முன்னால். எங்கள் வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. பூ வைக்க வந்தவர்களும் ஒரு கண்ணை அதில்தான் வைத்திருந்தார்கள்.

நேராகப் போய் நின்றேன். “எனக்கு இஷ்டம் இல்லீங்க. பூவ எடுத்துகினு போயிடுங்க.”

அவன் அம்மா என் மோவாயைப் பிடித்தாள். “வெக்கத்தப் பாரு! பாபு சொன்னான், பொண்ணு இப்படித்தான் சொல்லும்னு.”

அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

அப்பா செத்து ஏழு வருஷம், அவருடைய கட்டிங் பிளேயர் இன்னும் மேஜை டிராயரில். எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். பாபு ரூமிலிருந்து வரும் மெயின் ஒயரை எங்கள் மாடித் தண்ணீர்க் குழாயில் கட்டித்தான் நாலு தெருவுக்கும் இழுத்திருக்கிறான். தடித்த ஒயர். இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது.

நாலு தெருவிலும் ஒரே நேரத்தில் சத்தம் நின்றது. பிறகு கதவுகள். “இன்னாபா, படம் புட்டுகிச்சா?” “யார்ரா மேல?” “ஐயோ, கிளைமாக்ஸ்டா!” முன்பு கைதட்டினவர்கள் இப்போது கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

மாடிக்கு முதலில் ஏறி வந்தது கோமதி அக்கா. மூச்சு வாங்கியது. பின்னால் அம்மா, அதற்கும் பின்னால் பாதித் தெரு. அக்கா அறுந்து தொங்கும் ஒயரைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

“அடிப்பாவி! நெசமாவே உனக்கு அவன புடிக்கலியா?”

“புடிக்கல.”

“இத மொதல்லயே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?”

பிளேயரைக் கீழே வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.