பெரியவர் வந்து நிற்கிறார்

இஞ்சாருங்கோ, குசினி முழுக்க விளாம்பழ வாசம். காலையில் உங்கள் அண்ணன் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். வாசலில் மருமகன், "மாமி, பெரியவர் வந்து நிக்கிறார்" என்றதும் என் கை தானாக அடுப்பைத் தணித்தது. சத்தம் போடாதேங்கோ என்று பேரப்பிள்ளைகளை அதட்டியும் விட்டேன். திருகோணமலை டவுனுக்குள் எந்த யானை வரப்போகிறது, சொல்லுங்கள்! உங்களோடு தம்பலகாமத்தில் குடும்பம் நடத்தினவளுக்கு அந்தச் சொல் அப்படித்தான் கேட்கும்.

பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று அங்கே ஒருவரும் யானையை யானை என்று சொல்லமாட்டார்கள். பெரியவர் என்பார்கள். எங்களிடம் வேலை செய்த வயல்காரர் உங்கள் அண்ணனுக்கு வைத்திருந்த பெயரும் அதுதான். நீங்கள் சின்னவர்.

உங்கள் இரண்டு பேருக்கும் பிரிக்காமல் கிடந்த காணியில், காட்டிலிருந்து குளம் வரைக்கும் ஒரு துண்டை வெட்டாமல் விட்டுவைத்தீர்கள். யானைகள் தண்ணீருக்குப் போகும் வழி அது. மண்டிக் கிடந்த நாயுண்ணிப் பற்றையை வெட்டிப் புல்லுக்கு இடம் விட்டீர்கள். கோடையில் அந்த வழியில் கிடந்த நீர்மடுவைத் தூர்வாரினீர்கள். விளாங்கன்றுகளுக்கு என்னையும் தண்ணீர் சுமக்க வைத்தீர்கள். கடையடியில் அதற்குச் 'சீதனக் காணி' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். "பெத்த பிள்ளைக்குச் சேர்க்காமல் பெரியவருக்குச் சீதனம் குடுக்கிறியள்" என்று நானும் ஏசினேன்.

"அவைக்கு வழி இருந்தா எங்கட வயலுக்குள்ள ஏன் வருவினம்?" என்பீர்கள். உண்மைதான். எங்கள் வேளாண்மையில் அவை கால் வைத்ததே இல்லை.

பிறகு அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, சோற்றுக்குப் பதில் பாண் தின்ன வேண்டியதாயிற்று. "சனம் பாணுக்கு வரிசையில நிக்குது, நீ காடு வளர்க்கிறாய்" என்று, அந்தத் துண்டையும் வெட்டி நெல் விதைக்க அண்ணன் சம்மதம் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தீர்கள்.

அன்றைக்கு முற்றத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். நம் வயல்காரர் கிண்ணியா மீராசா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார்: "சின்னவர்! பெரியவர் மடுவடியில வந்து நிக்கிறார்! மரத்தில கை வைக்கப் போறார், என்ன சொல்லுறீங்க?"

தும்பிக்கையும் கைதானே, யானை என்றே நினைத்துக்கொண்டோம். நீங்கள் சிரித்தபடி, "வைக்கட்டும் விடுங்க, அவரின்ர பங்குதானே!" என்று திருப்பிக் கத்தினீர்கள். மீராசா தலையாட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மடுப் பக்கம் புல்டோசர் உறுமியது. கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினீர்கள். பின்னால் நான்.

பாலை மரங்கள் வேரோடு கிடந்தன. மடுவுக்குள் மண் சரிந்துகொண்டிருந்தது. அண்ணன் உங்கள் தோளில் கை போட்டார். "உன்ர வாயால சம்மதம் வரட்டுமெண்டுதான் காத்துக்கொண்டு நிண்டனான். சந்தோசமடா தம்பி" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

நீங்கள் வாயைத் திறந்தீர்கள். மூடினீர்கள். "சொல்லுங்கோவன்!" என்று முதுகில் இடித்தேன். "சொல்லி? விழுந்த மரம் எழும்புமே? அவர் உடைஞ்சு போவார்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு உங்களையே டோசருக்கு முன்னால் தள்ளியிருப்பேன்.

அடுத்த போகம் அங்கே நெல் விளைந்தது. யானைகள் பழைய வழியாலேயே வந்தன. வேறு வழி அவற்றுக்குத் தெரியாதே. காவல்குடிலில் இருந்தவர்கள் துப்பாக்கியால் வெடி வைத்தார்கள். விடிந்து போய்ப் பார்த்தால், காலில் காயத்தோடு ஒன்று மடு இருந்த இடத்தில் நின்று சேற்றைத் தடவிக்கொண்டிருந்தது. நீங்கள் வரம்பில் நின்று பார்த்தீர்கள். "எனக்கு ஒண்டும் ஏலாதப்பா" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் கனகாலம் இருக்கவில்லை.

இன்றைக்கு அண்ணன் கதிரையில் உட்கார்ந்தபடி பையை நீட்டினார். "வரம்பில மிஞ்சின அந்த ஒரு விளா. தம்பி வைச்சது." தேத்தண்ணீர் குடித்து முடித்தும் எழும்பவில்லை. பார்வை மங்கிவிட்டது அவருக்கு. என் குரல் வந்த பக்கம் திரும்பிக் கேட்டார்.

"பிள்ளை, அண்டைக்கு அவன் மனதாரத்தான் சொன்னவனோ?"

இத்தனை வருட ஆத்திரத்தையும் சொல்லிவிடத்தான் நினைத்தேன். உங்களைப் போலவே வாயைத் திறந்தேன். அவர் வெறும் கோப்பையை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஓம்" என்றேன். "மனதாரத்தான் சொன்னவர்."