சர்க்கரை இல்லாத கேக்

மார்ச் 3

அன்பு நாத்தனாருக்கு,

நீ அனுப்பிய கேக் உடையாமல் வந்து சேர்ந்தது. அன்றைக்கே தீர்ந்தும் போனது. எனக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு துண்டு, மீதி முழுக்க உன் அண்ணன். போதும் என்றேன். டப்பாவைத் திருப்பி லேபிளைக் காட்டினார். "சர்க்கரை இல்லாதது, சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்னு என் தங்கச்சியே எழுதியிருக்கா. உனக்கு ஏன் பொறாமை?" மறுநாள் காலை ரத்தத்தில் சர்க்கரையைப் பரிசோதித்தால் இருநூற்று எண்பது! டாக்டர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இப்போது பரவாயில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காய்கறி சூப் குடிக்கிறார்.

இனி உன் விஷயம். எங்கள் சமையல் கல்லூரியின் பேக்கிங் ஆசிரியர் வேலைக்கு நீ நடத்தப்போகும் மாதிரி வகுப்பில் இதே கேக் என்று உன் விண்ணப்பத்தில் பார்த்தேன். நான் சத்துணவுப் பாடம் எடுப்பதால் என்னைத் தேர்வுக் குழுவில் போட்டிருந்தார்கள். உறவு என்று சொல்லி விலகிவிட்டேன். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: தேனும் பேரீச்சம்பழமும் சர்க்கரைதான், கண்ணு. அந்த வகுப்பில் ஓவனைத் தொடுவதற்கு முன் எல்லா அளவையும் பலகையில் எழுத வேண்டும். எங்கள் முதலாண்டுப் பிள்ளைகளே கணக்குப் போட்டுக் கேட்பார்கள். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

அண்ணனுக்கு இப்படி ஆனது தெரிந்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதற்காக என் கேக்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவீர்களா? தேன் பூவிலிருந்து வருகிறது, பேரீச்சை மரத்தில் காய்க்கிறது. வெள்ளைச் சர்க்கரையும் இதுவும் ஒன்றா? ஆறு வருஷத்தில் என் பேக்கிங் வகுப்பில் நாற்பது பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்லை.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நான் உங்கள் ஊருக்கு வருவது உங்களுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதானே?

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 14

நாத்தனாருக்கு,

கடைசி வரி சுட்டது. படித்துவிட்டு அழுதேன், பிறகு அழுததற்காக உன்னைத் திட்டினேன்.

உன் சமையல் குறிப்பை வைத்தே கணக்குப் போட்டேன். முந்நூறு கிராம் தேனில் இருநூற்று நாற்பது கிராம் சர்க்கரை. இருநூறு கிராம் பேரீச்சையில் ஏறக்குறைய நூற்று முப்பது. பத்துத் துண்டு போட்டால் துண்டுக்கு ஒன்பது டீஸ்பூன். பூவிலிருந்து வந்தாலும் உன் அண்ணன் ரத்தத்துக்கு அது தெரியாது.

நானும் ஒன்றும் ஒழுங்கில்லை. எல்லோரும் தினம் எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்று பத்து வருஷம் பாடம் நடத்தினேன். ஒரு மாணவி ஆதாரம் கேட்டாள். தேடினேன், உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னும் அது தப்பு என்று ஒப்புக்கொண்டேன். உயிர் போகவில்லை, காது மட்டும் சூடானது.

உனக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. பதில் போடு.

அண்ணி


ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் போடாததற்கும், மாதிரி வகுப்புக்கு உங்கள் ஊருக்கு வந்தும் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காததற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்ளுங்கள். முடிவு தெரியாமல் உங்கள் முகத்தைப் பார்த்திருந்தால் உடைந்திருப்பேன்.

அதே கேக்தான் செய்தேன். அளவுகளை எழுதி, கீழே 'துண்டுக்கு ஒன்பது டீஸ்பூன் சர்க்கரை' என்று நானே எழுதினேன். "ஆறு வருஷமா இதைச் சர்க்கரை இல்லாததுன்னு சொல்லிக்கொடுத்தேன். அது தப்பு" என்று சொன்னேன். பிறகு தேன் போட்டால் கேக் சீக்கிரம் காயாது, மேலே சீக்கிரம் சிவக்கும், அதுவரைக்கும் நிஜம், சர்க்கரை நோயாளிக்கு நல்லது என்பது கதை என்று விளக்கினேன். குழுத் தலைவர் கேட்டார்: "அப்புறம் ஏம்மா இதையே செஞ்சீங்க?" "ருசியா இருக்கே சார்!" என்றேன். பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள்.

பழைய மாணவர்கள் நாற்பது பேருக்கும் எழுதிவிட்டேன். அண்ணனிடம் நேரில் மன்னிப்புக் கேட்கிறேன். அன்று உங்களைப் பற்றி எழுதியதற்கும் மன்னித்துக்கொள்ளுங்கள். வலித்தாலும் முகத்துக்கு நேராகச் சொன்னது நீங்கள் ஒருத்திதான்.

நேற்று நியமனக் கடிதம் வந்தது! ஜூனில் சேர வேண்டும். எனக்கு ஒரு வீடு பாருங்கள். அடுத்த வீடு வேண்டாம், இரண்டு தெரு தள்ளி இருக்கட்டும். நாம் சண்டை போடாமல் இருக்கப்போவதில்லை. கோபித்துக்கொண்டு கிளம்பினால், பாதி வழியில் மனசு மாறித் திரும்பி வர எனக்குக் கொஞ்சம் தூரம் வேண்டும்.

உங்கள் அன்பு நாத்தனார்