நண்பர்கள் என்று அச்சான வாழ்த்து

1968 ஜனவரி 20

என் சிநேகிதன் தீர்த்தகிரி வீட்டுக் கல்யாண அண்டாக்களுக்கு ஈயம் பூசி முடித்தேன். நல்லம்பள்ளியில் அவன் மகள் செல்லம்மாளுக்குக் கல்யாணம். பந்தலில் கொடுக்க வாழ்த்து மடல் அச்சடிக்க வேண்டுமாம். “நீதான்டா எழுதற சுபானு. வேற எவங்கிட்டயும் நான் போவமாட்டேன்.” நான் இன்னும் பாட்டு எழுதுவது அவனுக்கும் என் மனைவி ஹாஜிராவுக்கும்தான் தெரியும்.

ஜனவரி 25

எட்டு வரி. நன்றாகத்தான் வந்திருக்கிறது. வேறு எவனாவது எழுதியிருந்தால் நானே புகழ்ந்திருப்பேன்.

ஜனவரி 27

தருமபுரி அச்சகத்தில், கீழே யார் பெயர் என்று கேட்டார்கள். வாய் வரை வந்தது. வீட்டில் உருது பேசி, கடைப் பலகைகளைப் பார்த்துத் தமிழ் படித்தவன் நான். போன வருஷம் படிப்பகத்தில் ஒரு பாட்டை வாசித்தேன். “உங்களுக்கு ஈயம் போதுங்க பாய், பாட்டு எதுக்குங்க?” என்றார் ஒரு வாத்தியார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தப் படியை இனி மிதிக்க மாட்டேன்.

‘நண்பர்கள்’ என்று போடச் சொன்னேன்.

பிப்ரவரி 4

எழுதவே கூசுகிறது. மாப்பிள்ளையின் அப்பா மைக்கில் வாழ்த்தைப் படித்தார். கைதட்டல். “நல்லாருக்குதே, யாருங்க எழுதினது?” என்றார். தீர்த்தகிரி பெருமையாக என்னைக் கைகாட்டினான். “இவன்தானுங்க, நம்ம சுபானு!”

பந்தலே திரும்பியது. நான் எழுந்து நின்று— “அவன் வெளையாடறானுங்க. எனக்கு ஏதுங்க தமிழு?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், தீர்த்தகிரியைத் தவிர.

சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 11

தீர்த்தகிரி வந்தான். கடைக்குள் ஏறவில்லை. “எம்பொண்ணு கண்ணாலத்துல உம்பேரு வர்றது அவ்ளோ கேவலமாடா? சம்பந்தி வூட்டுல என்னெப் புளுகன்னுங்கறாங்க.”

நான் வெட்கப்பட்டது உன்னால் இல்லையடா என்று சொல்லியிருக்கலாம். “உன்னெ யாரு கைகாட்டச் சொன்னது?” என்றேன். போய்விட்டான்.

பிப்ரவரி 12

கேட்காமல் கைகாட்டியது அவன் தப்புதானே?

பிப்ரவரி 13

இல்லை.

பிப்ரவரி 18

பஸ் ஏறி மொரப்பூர் போனேன், சம்பந்தி வீட்டுக்கு. வாழ்த்தை எழுதியது நான்தான் என்றேன். “அன்னிக்கி பொய்யி, இன்னிக்கி மட்டும் நெசமுங்களா?” என்றார் அவர். “எங்க, வேற ஒண்ணு சொல்லுங்க பாய், பாக்கலாம்.”

செல்லம்மாளும் கதவோரம் நின்றாள். எங்கள் ஊரை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஊரில் போய்ப் பெய்யும் மழையைப் பற்றி ஒரு பாட்டு வைத்திருக்கிறேன். ஹாஜிராகூடக் கேட்டதில்லை. தொடங்கினேன். இரண்டாம் வரியில் என் உச்சரிப்பைக் கேட்டு யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உடம்பெல்லாம் கூசியது. நிறுத்தினேன். எழுந்து போக வேண்டியதுதான் என்று தோன்றியது. ஏன் போக வேண்டும்? நான் எழுதியது. முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கி, கடைசி வரை சொன்னேன்.

“அந்த மழெய இங்கயும் வரச் சொல்லுங்க பாய்,” என்றார் சம்பந்தி. பிறகு மருமகளிடம், “உங்கப்பா சொன்னது நெசந்தாம்மா.”

பிப்ரவரி 25

தீர்த்தகிரி வந்தான். பலகையில் உட்கார்ந்தான். கடையில் பாத்திரத்தோடு நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

“மொரப்பூர்ல என்னமோ சொன்னியாமே. எனக்குச் சொல்லமாட்டியா?”

“இப்பவா? இத்தனை பேர் இருக்கறாங்க.”

“இருக்கட்டும்.”

துருத்தியை நிறுத்தினேன். முகம் தணலாய்க் காய்ந்தது. சொன்னேன்.