முதல் நூலகர்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் அக்காவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உடம்புதான் நன்றாக இருக்கிறது, மனசு ஒரு மாதமாகச் சரியில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டதற்குச் சளி என்று சொன்னேன் அல்லவா, சளியும் இல்லை ஒன்றும் இல்லை. விஷயத்தைப் போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் நான் பட்டென்று வைத்துவிடுவேன், பிறகு இரண்டு பேரும் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு இருப்போம். காகிதத்தில் எழுதினால் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது, அதனால்தான் கடிதம்.

முதலில் வீட்டு விஷயம். அப்பா பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது, ஆனால் ஓட்டுவதை விடவில்லை, இப்போது என்னை ஓட்டுகிறார். நான் அடுப்பிலிருந்து குழாய்ப் பக்கம் திரும்பினால் பின்னால் நின்றுகொண்டு கொஞ்சம் இடது பக்கம் ஒடிச்சுக்கோ என்கிறார். அக்காவுக்குப் பல் மருத்துவமனையில் காலை வேலையாகப் போட்டுவிட்டார்கள், வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் இவள் வாயைத் திறந்துவிடுகிறாள் என்று டாக்டர் சொன்னாராம், அதையும் பெருமையாக வந்து சொல்கிறாள். மாடிப்படிக் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்ததை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று. உன் அறையில் எதையும் மாற்றவில்லை, மேஜைமேல் மட்டும் அப்பாவின் மருந்து டப்பாக்கள் குடியேறியிருக்கின்றன.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். வருஷா வருஷம் சிறுவர் புத்தகம் எழுதுகிறவர்கள், படம் போடுகிறவர்கள், எங்களைப் போன்ற நூலகர்கள் எல்லோரும் கூடும் மாநாடு உனக்குத் தெரியும். சிறுவர் பிரிவில் இருபத்து மூன்று வருஷமாக உட்கார்ந்திருப்பது நான், மாநாட்டுக்குப் போவது மட்டும் எங்கள் தலைமை நூலகர். போய்வந்து அங்கே கொடுத்த துணிப்பையை நாற்காலியில் மாட்டி வைப்பார், பதினொரு பை ஆயிற்று. இந்த வருஷம் அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை, அதனால் கடைசி நேரத்தில் நீங்களே போய்ட்டு வந்துடுங்களேன் என்று சொல்லிவிட்டார், ஏதோ கடைக்குப் போய்வரச் சொல்வதுபோல. நிகழ்ச்சி நிரலைப் பிரித்தால் இரண்டாம் நாள் காலையில் திரையில் பேசப்போவது நீ. நான் உன்னிடம் சொல்லவில்லை. பேசி முடித்ததும் கேள்வி கேட்கலாம் என்பார்கள், அப்போது எழுந்து மைக்கை வாங்கி, கேள்வி ஒண்ணும் இல்லை, நான் இவனோட அம்மா, அவ்வளவுதான் என்று சொல்லி உன்னைத் திடுக்கிட வைக்க வேண்டும் என்று ஆசை. இதைக் குளியலறையில் மூன்று நாள் சொல்லிப் பார்த்தேன். யாருடன் பேசுகிறாய் என்று அப்பா வெளியிலிருந்து கதவைத் தட்டினார்.

மாநாட்டு மண்டபம் பெரிது, கம்பளம் விரித்து, குளிரூட்டி, பேசினால் எதிரொலிக்கும். வாசலிலேயே கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள், படைப்பாளர்களுக்கு நீல நாடா, நூலகர்களுக்கு மஞ்சள் நாடா. நீலத்துக்கு முன்வரிசை, பக்கத்தில் தண்ணீர் பாட்டில், மஞ்சளுக்குக் கிடைத்த இடம். முயல் படம் போட்டவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அந்த முயல் கிழிந்து கிழிந்து வரும்போதெல்லாம் பசை தடவிக் காப்பாற்றுகிற நான் தூணுக்குப் பின்னால். காதை அந்தப் பக்கமும் கழுத்தை இந்தப் பக்கமுமாக வைத்துக்கொண்டுதான் இரண்டு நாளும் கேட்டேன். ஆனாலும் சந்தோஷமாகவே இருந்தேன் என்பதை எழுதிவிடுகிறேன், முதல் நாள் முழுக்கக் கையேட்டில் உன் படத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன், பக்கத்தில் இருந்த வேறு ஊர் நூலகர் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தேன்.

மறுநாள் நீ திரையில் வந்தாய், இளைத்திருந்தாய். குடை இல்லாத யானை என்ற உன் படப் புத்தகம் எப்படிப் பிறந்தது என்று சொன்னாய். இப்போது நீ இருக்கும் அந்த ஊருக்குப் போன புதிதில் ஒருவரையும் தெரியாமல், குளிருக்கும் மழைக்கும் ஒதுங்க ஒரு நூலகத்துக்குள் நுழைந்ததையும், அங்கே இருந்த அம்மா ஒன்றும் கேட்காமல் ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலியைக் காட்டியதையும், பூட்டும்வரைக்கும் இங்கயே இருக்கலாம் என்று சொன்னதையும். அதுவரைக்கும் எனக்கும் கண் கலங்கியது. பிறகு நீ, இவர்தான் என் முதல் நூலகர் என்று சொல்லிப் பக்கத்தில் இருந்தவரைத் திரைக்குள் இழுத்தாய். நரைத்த கிராப்பு, நீல ஸ்வெட்டர். அவள் சிரித்துக்கொண்டே, சரி, அவர், அவர் சிரித்துக்கொண்டே உன் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருந்ததைச் சரிசெய்தார். மண்டபமே கைதட்டியது. என் கையும் தட்டியது, நான் சொல்லித் தட்டவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குடுத்து வச்சவங்க இல்ல என்றார். ஆமாம் என்றேன். கேள்வி கேட்கலாம் என்றபோது என் கை எழுந்துவிடப் போகிறதே என்று தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டேன்.

முதல் நூலகர். ஏனடா, பள்ளிக்கூடம் விட்டதும் ஏழு வருஷம் எங்கே உட்கார்ந்திருந்தாய். என் மேஜைக்கு அடியில், திரும்பி வந்த புத்தகங்கள் போடும் மரப்பெட்டிக்குள். கிழிந்த பக்கத்துக்கு நான் வெள்ளைத்தாள் ஒட்டிக் கொடுப்பேன், காணாமல் போன பாதிப் படத்தை நீ பென்சிலால் போட்டு முடிப்பாய். நீ போட்ட முயல் காது இன்னும் மூன்றாம் தட்டில் இருக்கிறது, ஒரு காதைவிட இன்னொன்று நீளம், பிள்ளைகள் அதைத்தான் அசல் என்று நினைக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர், மருமகள் வந்தால் நீ பொறாமைப்படுவாய் என்று பயந்துகொண்டிருந்தேன், நீ என்னவென்றால் ஒரு நூலகர்மேல் படுகிறாய் என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவனுக்கு நீ நூலகரா, அம்மாதானே என்றார். ஆறுதல் சொன்னதாக அவருக்கு நினைப்பு, எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மறுநாள் முதல் வேலையாகப் பழைய உறுப்பினர் பதிவேடுகளை இறக்கினேன். நீ சேர்ந்த தேதியைப் படம் பிடித்து அனுப்பி, இப்போது சொல் யார் முதல் என்று கேட்க வேண்டும் என்று வீம்பு. நாலு பதிவேடு, தும்மித் தும்மிப் பார்த்தேன். உன் வகுப்புப் பிள்ளைகள் பாதிப்பேர் இருக்கிறார்கள், எதிர்வீட்டுத் தையல்காரர் மகன்கூட இருக்கிறான், நீ இல்லை. அப்புறம்தான் உறைத்தது. உனக்கு வேண்டிய புத்தகத்தை நானே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன், உனக்கென்று அட்டை போடவே இல்லை. எங்கள் பதிவேட்டின்படி நீ அந்த நூலகத்துக்குள் காலே வைத்ததில்லை. அப்படிப் பார்த்தால் உனக்கு முதல் அட்டை போட்டுக் கொடுத்தது அந்த நீல ஸ்வெட்டர் அம்மாதான். விதிப்படி நீ சொன்னது சரி என்று தெரிந்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை உன்மேல் காட்ட முடியவில்லை, அந்த அம்மாமேல் காட்ட முடியவில்லை, யானைமேல் காட்டினேன்.

இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். நீ அனுப்பிய ஒரே பிரதியைச் சிறுவர் தட்டிலிருந்து எடுத்து என் இழுப்பறையில், டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். மாநாட்டில் கொடுத்த உன் சுவரொட்டியைத் தலைமை நூலகர் சொல்லி நானேதான் கதவில் ஒட்டியிருந்தேன், அதைப் பார்த்துப் பிள்ளைகள் வந்து கேட்பார்கள். பைண்டிங்குக்குப் போயிருக்கு என்று சொன்னேன். இருபத்து மூன்று வருஷத்தில் எத்தனையோ புத்தகம் தொலைந்திருக்கிறது, எத்தனையோ பேரை அதட்டியிருக்கிறேன், ஒரு பிள்ளையிடமும் புத்தகத்தைப் பற்றிப் பொய் சொன்னதில்லை. மூன்று வாரம் சொன்னேன். தினம் கேட்டவள் சலூன்காரர் மகள், ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை. அப்பா கடையை மூடும்வரை எங்களிடம் வந்து உட்கார்ந்து படிப்பாள், உறுப்பினர் இல்லை. யானை வந்துடுச்சா என்பாள், இல்லை என்பேன், சரி என்று போய்விடுவாள், அடம்பிடித்தாலாவது திட்டியிருக்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை மேஜையிலிருந்து பென்சில் உருண்டு விழ, எடுத்துத் தருகிறேன் என்று அவள் இந்தப் பக்கம் வந்துவிட்டாள். நான் சாப்பிடுவதற்காக இழுப்பறையைத் திறந்து வைத்திருந்தேன். புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, நீங்க இன்னும் படிச்சு முடிக்கலையா, பரவால்ல மெதுவா படிங்க, எனக்கும் மெதுவாத்தான் வரும் என்றாள். கேலி இல்லை, உண்மையாகவே அப்படி நினைத்துச் சொன்னாள். டிபன் டப்பாவை அப்படியே மூடி வைத்தேன். அவளை உட்காரவைத்து அட்டை போட்டேன், சலூனுக்கு நானே நடந்து போய் அவள் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வந்தேன். தன் பெயரைக் கோட்டுக்கு வெளியே போகும்வரை பெரிதாக எழுதினாள். புத்தகத்தில் தேதி முத்திரை குத்திக் கொடுத்ததும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நடந்துகொண்டே பக்கத்தைப் புரட்டி, கதவில் இடித்துக்கொண்டு போனாள்.

அவள் போனபிறகு நினைத்தேன், இவளுக்கு முதல் நூலகர் நான்தான். நாளைக்கு இவள் எங்கேயோ மேடை ஏறி என்னைப் பற்றிச் சொன்னால், சலவைக்கடையில் நாள் முழுக்க நின்று இவளை வளர்க்கிற இவள் அம்மா எந்தத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பாளோ. பாவம் என்று நினைத்தேன். ஆனால் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். அந்த நீல ஸ்வெட்டர் அம்மாவுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும். இதனால் என் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே, இருக்கிறது, முன்பு நெஞ்சில் இருந்தது, இப்போது தோளில் மாட்டிய பைபோல இருக்கிறது, அவ்வளவுதான். அவருக்கு என் வணக்கத்தைச் சொல். மழையில் நின்ற பிள்ளையை உள்ளே கூப்பிட்டதற்கு நான் கும்பிடுகிறேன் என்று சொல். கூடவே, உன்னை நான் இரவலாகத்தான் கொடுத்திருக்கிறேன் என்பதையும் மறக்காமல் சொல், நூலகர்தானே, புரிந்துகொள்வார்.

அன்று மாலையே உனக்கும் ஒரு அட்டை போட்டுவிட்டேன். அதை அனுப்ப முடியாது, பெரியவர்கள் என்றால் உறுப்பினர் நேரில் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், விதி. மூன்று வருஷமாக நீ இந்தப் பக்கம் வரவில்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. யானை இருந்த இழுப்பறையில் இப்போது உன் அட்டை இருக்கிறது.

நீ நன்றாக இரு, கை வலிக்காமல் நிறையப் படம் போடு, நாலு பேர் வாயால் நல்ல பெயர் எடு, நீ யாரைச் சொல்லி எடுத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான், கொஞ்சம் தாமதமாக வரும், ஆனால் வரும். ஈரத் தலையோடு வெளியே போகாதே. திரையில் தோன்றுவதற்கு முன்னால் கண்ணாடியைப் பார்த்துக் காலரை நீயே சரிசெய்துகொள், இன்னொருவருக்கு அந்த வேலையை வைக்காதே. இன்னொன்று, சலூன்காரர் மகள் நேற்றே யானையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள், கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டி, மழை விட்டதுக்கப்புறம் யானை வீட்டுக்குப் போச்சா இல்லையா, அவங்க அம்மா தேடுவாங்களே என்று கேட்டாள். படம் போட்டவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டது அவள்தான், நான் இல்லை.

இப்படிக்கு,
பதில் பார்த்திருக்கும்
உன் அம்மா