டிவிக்காரர்களின் அபராதமும் உன் பதினோரு நிமிடமும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் உங்கம்மா மட்டும் சௌக்கியம், எனக்கு ஒரு வாரமாக வயிற்றெரிச்சல், அதற்கு மருந்துக்கடையில் மாத்திரை கிடையாது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, ஏனென்றால் நீ என்ன சாப்பிட்டாய், அதில் உப்பு கூடிவிட்டதா, பக்கத்து மேஜைக்காரி உன்னோடு சண்டை போட்டாளா என்பதெல்லாம் உங்கம்மாவுக்குத்தான் தெரியும், எனக்கு வருவது அவள் கிள்ளிக் கொடுக்கிற மிச்சம். போன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பவன் நான். நீ, "நல்லாருக்கீங்களாப்பா, முட்டி வலி எப்படி இருக்கு, சரி அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய், எல்லாம் ஒரே மூச்சில். வலது முட்டியா இடது முட்டியா என்று நான் சொல்வதற்குள் போன் கை மாறிவிடும். அப்புறம் அவள் உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவாள். வெளியே எனக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும். என்ன சொன்னாள் என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, சும்மாத்தான்" என்பாள். ஒன்றுமில்லாததை ஒரு மணி நேரம் பேச எனக்கும் ஆசைதான். அதனால்தான் போனை விட்டுவிட்டுக் கடிதம். இதை என் கையிலிருந்து வாங்கி யாரிடமும் கொடுக்கச் சொல்ல உன்னால் முடியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டு டிவி இணைப்பை நான் நிறுத்திவிட்டேன். உங்கம்மா சொல்லியிருப்பாள், அவள் பாணியில், எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று. போன தடவை நீ வந்து பத்து நாள் இருந்தாயே, நினைவிருக்கிறதா? விளக்கு வைத்ததும் நீயும் அவளும் ஒரே போர்வைக்குள் காலை நுழைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிடுவீர்கள். அந்தத் தொடரில் மூத்த மருமகள் கடிதத்தை எரித்தாளா இல்லையா என்று உங்களுக்குள் விவாதம் வேறு. நான் ஏதாவது சொல்லலாம் என்று முன்னால் வந்தால் "அப்பா, மறைக்குது" என்பாய். பத்து நாளில் நீ என்னிடம் பேசியதில் பாதி அந்த "மறைக்குது"தான். வருடக் கடைசியில் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிடப்போகிறாய், அப்போதாவது இந்த வீட்டில் பேசுவதற்கு மனுஷர்கள் மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு டிவிப் பெட்டி மேல் மனுஷன் பொறாமைப்படுவானா என்று கேட்காதே, படுவான், நான் பட்டேன்.

டிவியோடு இணைத்திருந்த அவர்கள் கம்பெனி செட்-டாப் பெட்டியை நானே கழற்றி, வயரைச் சுற்றி, ரிமோட்டை அதன் உறையோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு கடைவீதியில் இருக்கும் அவர்கள் ஆபீசுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் நான் யார் எவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்தாள், "நன்றி சார், வாங்க" என்றாள். மூன்றாவது வாரம் பில் வந்தது. ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே நிறுத்தியதற்குக் கட்டணமாம். அந்தத் தொகையைப் பார்த்து நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், குறையவில்லை. மாடி வீட்டு வேன் டிரைவருக்கும் போன மாதம் இதே போல வந்ததாம். அவர் மகள் கூடவே போய் நின்று, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு, ரத்து செய்துவிட்டு வந்தாளாம். இதைப் படிக்கட்டில் என்னை நிறுத்தி நாலு தடவை சொல்லிவிட்டார். மகள் பக்கத்தில் இருக்கிறவன் பெருமைப்பட வேண்டியதுதான், அதற்காக என் வழியை மறித்துக்கொண்டா?

நான் தனியாகப் போனேன். முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், பாதி மாடியில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களையெல்லாம் வெளியே நின்று சமாதானப்படுத்தியவன், அன்றைக்கு நானே கத்தினேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், இணைப்பு உங்க பொண்ணு பேர்ல இருக்கு, ஆட்சேபணை அவங்கதான் சொல்லணும்" என்றாள். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது நான் யாராக இருந்தாலும் பரவாயில்லை, கேள்வி கேட்க வந்தால் மட்டும் நான் யாரோவா என்று கேட்டேன். அவள் மறுபடி கம்ப்யூட்டரைத் தட்டினாள். பத்து மாதம் முன்னால் என் மகள் இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறாள் என்றாள். அங்கேதான் எனக்கு ஏறிவிட்டது. என் மகள் வருடக் கடைசியில் வந்துவிடுவாள், வந்த பிறகு வேறு இணைப்பு எடுப்போம் என்று அவளே சொல்லியிருக்கிறாள், அவள் எதற்கு இரண்டு வருடம் போடப் போகிறாள், நீங்களாகப் போட்டுக்கொண்டு எங்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்று மேஜையைத் தட்டினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள்கூட என் பக்கம்தான். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "ரூல்படி கஸ்டமர் பேசின ரெக்கார்டிங்க போடக்கூடாது சார், ஆனா நாங்க பொய் சொல்றோம்னு சொல்றீங்களே" என்று தன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டாள்.

உன் குரல். நீ வந்திருந்தபோது பால்கனியில் நின்று பேசியது, பின்னால் நம் தெருக் காய்கறி வண்டிச் சத்தம்கூடக் கேட்கிறது. ஆபீஸ் போன் என்று நினைத்து நான் அன்றைக்குக் கதவுப் பக்கமே வரவில்லை. யாரோ முகம் தெரியாத பெண்ணிடம் பதினோரு நிமிடம் பேசியிருக்கிறாய். ரிமோட்டை உறையிலிருந்து எடுக்காமலேயே அமுக்கி அமுக்கி, வேலை செய்யவில்லை என்று எங்கப்பா கம்பெனியைத் திட்டுவார் என்று சொல்லி இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். அவள் ஒரு வருடமா இரண்டு வருடமா என்று கேட்கிறாள். நீ சொல்கிறாய், "ரெண்டே போடுங்க. நான் இந்த வருஷம் வர்றதா இருந்துச்சு, அங்க வேலைய ரெண்டு வருஷம் நீட்டிட்டாங்க, நானும் சரின்னுட்டேன். அம்மாவுக்குத் தெரியும். அப்பாகிட்டதான் இன்னும் சொல்லல, அவரு இப்பவே என் ரூமுக்குப் பெயின்ட் பாத்துட்டிருக்காரு."

அந்தப் பெண்ணிடம் இன்னொரு தடவை போடச் சொன்னேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. போட்டாள். வரிசையில் நின்றவர்களில் ஒருத்தர் நாற்காலி கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது உங்கம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை, இதுவரை கேட்கவில்லை. உன் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். வெளிர் பச்சை அடித்திருக்கிறேன், இரண்டு கோட்டு, உனக்குத் தெரியாது. இரண்டாவது கோட்டு அடிக்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவள் உங்கம்மாதான். எல்லாம் தெரிந்துகொண்டு, மூலையில் ஒரு இடம் விட்டுப்போச்சு என்று கை காட்டிக்கொண்டு நின்றாள். நான் வருத்தப்படக்கூடாது என்றுதான் செய்திருப்பாள், அது புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. ஆனாலும் எரிகிறது. இரண்டு வருடம் இரு, தேவைப்பட்டால் நாலு வருடம் இரு, உன் வேலை, உன் முடிவு, அதில் அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. என் பிள்ளையின் சேதி முதலில் உங்கம்மாவுக்கு, பிறகு டிவி கம்பெனிக்காரிக்கு, அப்புறம் அதைக் காதில் மாட்டிவிட்ட கவுன்டர் பெண்ணுக்கு, கடைசியில் எனக்கா? அந்த முகம் தெரியாதவளுக்குக் கிடைத்த பதினோரு நிமிடம் எனக்கு எப்போது கிடைத்தது? எண்ணிப் பார்த்தேன், உன் கல்லூரிக் கட்டணத்துக்கு வரிசையில் நின்றோமே, அன்றைக்குத்தான்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. அந்தப் பெண் என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டு ஒரு வழி சொன்னாள். இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர்களும், பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவரும் ஒரே நேரத்தில் போனில் இருந்து புகார் சொல்ல வேண்டுமாம். பெட்டியை வாங்கும்போது கட்டணம் உண்டு என்று அவர்கள் சொல்லவில்லை, சீட்டிலும் போடவில்லை, நம் வாதம் அதுதான். சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நீ அங்கிருந்து அவர்களைக் கூப்பிட்டு என்னையும் சேர்த்துக்கொள். ஆனால் ஆள் எடுக்க முக்கால் மணி நேரமாவது ஆகுமாம், அதுவரை பாட்டு ஓடுமாம், வைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்தாம். இன்னொன்றும் சொன்னாள், மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இணைப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டால் கட்டணமே கிடையாதாம், புகாரும் வேண்டாமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். உங்கம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் அன்றைக்கே பெட்டி வந்துவிடும், அப்புறம் அந்த முக்கால் மணி நேரத்துக்கு நான் எங்கே போவேன்? அவள் மட்டும்தான் பத்து மாதம் மறைப்பாளா, நானும் பத்து நாள் மறைக்கிறேன்.

தனியாக இருக்கிற பிள்ளை, கண்டதைச் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. கேட்ட மாத்திரத்தில் எல்லாருக்கும் சரி என்று தலையாட்டாதே, டிவிக்காரனுக்கும்தான். எந்த ஊரில் இருந்தாலும் குறைவில்லாமல், நோய்நொடி இல்லாமல் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் நீ. சனிக்கிழமை, நமக்குக் காலை பத்து மணி, மறந்துவிடாதே. உங்கம்மா கதவுப் பக்கம் நிற்பாள், நிற்கட்டும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டு வருட விஷயத்தை நீயே உன் வாயால் எனக்குச் சொல். இந்தக் கடிதத்தை நீ படிக்காத மாதிரி சொல், நானும் எழுதாத மாதிரி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமை ஒன்பதரைக்கே போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடப் போகிற
உன் அப்பா