வடக்குப் பக்க ஜன்னல்

ஜன்னல் விளிம்பை ஈரத்துணியால் துடைத்தேன். துணி கறுத்துப் போயிற்று. நேற்றும் துடைத்ததுதான். வாடைக்காற்று தொடங்கிவிட்டது என்பதற்குக் கற்பிட்டிக் கரையில், இந்தக் கண்டக்குழியில், வேறு சாட்சி வேண்டியதில்லை.

கலியாணம் முடித்த நாளிலிருந்து இது உன் வேலையாக இருந்தது. "சட்டிக் கரியப் போல இரிக்கி. நீங்க மூக்கால இழுக்கிறதும் இதுதான்," என்று துணியை என் முகத்துக்கு நேரே பிடிப்பாய். "அப்ப ஜன்னலச் சாத்து புள்ள," என்பேன். சாத்தமாட்டாய். தொண்ணூறில் ஊரோடு விரட்டப்பட்டு, சிறுபிள்ளையாக மன்னாரை விட்டு வந்தவள், வாடை மாதங்களில் இந்த வடக்கு ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாய். "இது எங்கட ஊருக் காத்து." காற்றுக்கும் அடையாள அட்டை இருக்கிறதா என்று பகிடி பண்ணுவேன். உனக்கு மூச்சிழுக்கும் முட்டு வருத்தம் வந்த பிறகும் நான் பகிடியை விடவில்லை, நீ ஜன்னலை விடவில்லை.

கடைசிக் காலையில் மகள் ஜன்னலைச் சாத்தினாள். நீ என்னைப் பார்த்தாய். பேச மூச்சில்லை. நான் எழும்பித் திறந்தேன். நண்பகல் லுஹர் பாங்குக்கு முன் நீ மௌத்தாகிவிட்டாய்.

பிறகு மகள் பல்கலைக்கழகத்தில் எடுத்த ஆய்வு, வாடை மாதங்களில் இந்தக் கரைக்கு வரும் புகையைப் பற்றியது. எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போன எனக்குச் செற்றலைட் என்றால் கூரையில் துருப்பிடிக்கும் டிஷ்தான். புகை எவ்வளவு தடிப்பு என்று செற்றலைட் மேலிருந்து பார்க்குமாம். அது எங்கிருந்து வந்தது என்று அறிய, கம்பியூட்டரில் காற்றைப் பின்னோக்கி ஓட்டுவார்களாம்.

"கரையொதுங்கிற வல மிதப்பப் பாத்து, நீரோட்டம் எங்கயிருந்து கொண்டந்ததெண்டு சொல்லுவீங்களே வாப்பா, அந்த மாதிரித்தான்."

"அப்ப உம்மா மௌத்தான காலையக் காட்டு."

அவள் கம்பியூட்டரை என் பக்கம் திருப்பினாள். "அத எப்பவோ போட்டுப் பாத்திட்டன்."

ஒரு சிவப்புக் கோடு. இந்தியாவின் வடக்கே தொடங்கி, வங்கக் கடலால் இறங்கி, மன்னாரைத் தாண்டி நம் கரைக்கு வந்து நின்றது. வழி நெடுகப் புகை.

"உம்மாட ஊருக்கு மேலாலயா வந்த?"

"ஓம் வாப்பா."

"நான் ஜன்னலத் திறக்காட்டி?"

"இந்தப் படத்தில ஒரு கட்டத்துக்குள்ள கற்பிட்டி முழுக்க அடங்கிடும். எங்கட ஜன்னல் அதில தெரியா." பிறகு மெல்லச் சொன்னாள்: "நானும் தேடினன்."

என் பகிடியெல்லாம் அன்றோடு வாயடைத்துப் போயிற்று. உன் ஊர்க் காற்று என்று நீ சொன்னது உண்மை. அது உன்னை என்ன செய்தது என்பதுதான் தெரியவில்லை. இனியும் தெரியப்போவதில்லை.

சற்று முன் மகள் வந்தாள். ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினாள். மற்றதைத் தொடவில்லை. திறந்த பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன், உன்னைப் போல. காற்று குளிர்ந்து வருகிறது. இருமலும் வருகிறது. கறுத்த துணி இன்னும் கையில்தான் இருக்கிறது. அலச மனம் வரவில்லை.